1.40

மாலை ஷிப்ட் முடிந்து குணாளன்
கார்டை என் மேசையில் வைத்தான்.
ஓரமெல்லாம் செம்பனை எண்ணெய்.
"கிராணி, என் பதினாறு நிமிசம் எங்க?"

ஓவர்டைம் ஒரு மணி நாற்பது நிமிடம்.
நான் தட்டியது 1.40.
மணிக்குப் பன்னிரண்டு வெள்ளி;
கணினி பெருக்கிப் பதினாறு எண்பது என்றது.
வரவேண்டியது இருபது.
பாய்லருக்குள் கொட்டை ஓடு தள்ளுகிறவன்
விரலிலேயே போட்டுவிட்டான்:
பெருவிரல் கணுக்கணுவாய் ஏறி இறங்க
ஒரு கையில் பன்னிரண்டு,
மறுகையில் மடங்கி மடங்கி ஐந்து.

புள்ளிதான்.
மெய்யின் தலையில் ஏறி
உயிரை எடுத்துவிடும் என்று
தோட்டப் பள்ளியில் படித்த அதே புள்ளி.
சுவர் நாள்காட்டியிலும் இருக்கிறது,
ராகு காலம் 7.30 முதல் 9.00.
அங்கே அது யார் கூலியையும் தொடுவதில்லை.

அன்றிரவு பீடோரில் மழை.
ஏன் அறுபது என்று கைப்பேசியில் தேடினேன்.
பாபிலோன் என்றது.
வேதப் புத்தகத்தில் விழுந்துகொண்டே இருக்கும் ஊர்,
எனக்குத் தெரிந்தது அவ்வளவே.
அங்கேயும் ஒரு கிராணி இருந்திருப்பான்.
ஈரக் களிமண், நாணல் முனை.
ஓர் ஆணிக் குறி; கொஞ்சம் இடம் விட்டு
நாலு மூலைக் குறி.
ஓர் அறுபதும் ஒரு நாற்பதும்:
நூறு.
குணாளனின் நூறு நிமிடம், சிந்தாமல்.
புள்ளி கிடையாது.
ஒன்றுக்கும் அறுபதுக்கும் அவனிடம் ஒரே ஆணிதான்;
எது எதுவென்று
வேலை தெரிந்தவன்தான் படிக்க முடியும்.

அவன் ஊர் மண்ணாயிற்று.
அறுபது மட்டும் எப்படியோ நடந்து வந்து
எங்கள் ஆலை வாசல் கடிகாரத்துக்குள்
உட்கார்ந்து கார்டு கடிக்கிறது.

"சிஸ்டம் அப்படித்தான்மா,
அடுத்த வருஷம் பாப்போம்" என்றார் மேனேஜர்.

சனிக்கிழமை எல்லாரும் போனபின்
நான்கு மாதத்தையும் இழுத்துப் போட்டேன்.
முப்பத்தோரு பேர்.
நிமிடத்தை அறுபதால் வகுத்து
பழைய கார்டுகளின் முதுகில் எழுதினேன்.
ரஃபிகுலுக்கு அறுபத்திரண்டு வெள்ளி.
ஞானசவுந்தரிக்கு நாற்பத்தொன்று, சில்லறை.
வீராச்சாமிக்கு ஒன்றுமில்லை,
அவர் எப்போதும் மணி முழுசாய் அடித்ததும் போகிறவர்.

மேனேஜர் மேசையில் அடுக்கி
மேலே ஸ்டேப்ளரை வைத்துவிட்டு
விளக்கை அணைத்தபோது ஒன்பது.
உட்கார்ந்தது ஐந்து நாற்பதுக்கு.

என் கார்டை
அடிக்க மறந்திருந்தேன்.