உப்புச் சேற்றுக்கு ஒரு காலுறை

பட்டியலில் இருக்கிறது: காலுறை, இணை இரண்டு.
பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.
வந்தது பூட்ஸ் மட்டும். அதுவும்
ஒரு விரற்கடை பெரிது.
மிச்ச இடத்தை நீயே நிரப்பிக்கொள் என்று
அரசாங்கம் சொல்வதாக எடுத்துக்கொண்டேன்.

முதல் மார்கழிக்குப் பள்ளிக்கூடத்து வெள்ளைப் பருத்தி.
கோடியக்கரைச் சதுப்பில் நாலு கிலோமீட்டர்.
குடித்த தண்ணீரைப் பருத்தி திருப்பித் தருவதில்லை;
உப்பு மட்டும் இழைக்குள் உட்கார்ந்து
குதிகாலை அரம்போல் ராவிற்று.
கொப்புளத்தின்மேல் கொப்புளம்.
சம்பளத்துக்குத்தான் நடக்கிறேன், வேண்டுதலுக்கு அல்ல என்று
வேதாரண்யேசுவரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன்.

அடுத்தது நைலான்.
வழுக்கி வழுக்கிக் கீழே இறங்கி
பாதத்துக்கடியில் சுருண்டு படுத்துக்கொண்டது,
கூப்பிட்டாலும் எழுந்து வராத நாய்.

பறவைக் காலில் வளையம் மாட்ட வந்த ஆராய்ச்சிக்காரி
கம்பளி போடுங்கள் என்றாள்.
வேதாரண்யத்தில் கம்பளியா!
நனைந்தாலும் ஒட்டாது, ஒரு வாரம் நாறாது,
விரல் நுனியில் தையல் மேடு தட்டக்கூடாது,
பூட்ஸ் வாய்க்குமேல் நாலு விரல் ஏறி நிற்க வேண்டும்,
கருவை முள் உள்ளே குதிக்காதபடி.
அவள் சொன்னதை ரோந்துப் புத்தகத்தின்
பின்னட்டையில் எழுதிக்கொண்டேன்.

தோப்புத்துறை ஜெகபர் அலி பரண்மேல் ஏறினார்.
ஊட்டியில் கட்டிக்கொடுத்த மச்சினிக்காக வரவழைத்த பெட்டி;
அவளுக்கு நிறம் பிடிக்கவில்லை.
உள்பக்கத்தைத் திருப்பி
தையலைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன்.
'சாக்ஸ மூஞ்சில போட்டுப் பாக்குற ஆளு
நீங்கதாம்மா மொதல்ல.'
பிறகு, சில்லறை எண்ணிக்கொண்டே:
'பெரிய சைஸ் ரெண்டு ஜோடி போன வாரம் போச்சு.
வாங்குனவன் கால்ல செருப்புகூட இல்ல.'

எனக்குக் கணக்கு விட்டுப்போயிற்று.

மூன்று மாதமாகத் தேடுகிறவனை
அவன் காலால்தான் தெரியும்:
அளத்து வரப்பில், ஓடைக் கரையில்,
சுண்டுவிரல் இல்லாத இடது பாதம்.
கண்ணி வைப்பான், உள்ளான் பிடிப்பான்,
விடிவதற்குள் பட்டுக்கோட்டை ரோட்டுக் கடைகளில்
அது வறுவலாகிவிடும்.

அன்றிரவு வேதரத்தினம் டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்தான்.
சேற்றில் விரலே இல்லாத ஒரு பாதம்.
மழுங்கிய மொத்தை. உற்றுப் பார்த்தால்
ஓரத்தில் வரிவரியாய்ப் பின்னல்.

சத்தமில்லை, அடையாளமில்லை.
என்னைவிட நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறான்.
கோபத்துக்கு முன்னால்
ஒரு நொடி, அதுதான் தோன்றியது.

பின்னலைப் பிடித்துக்கொண்டே போனோம்.
முப்பத்திரண்டு கண்ணி. ஏழில் பறவை.
உயிரோடு இரண்டு.
நரம்பை அறுத்தபோது என் விரலிடுக்கில் துடித்தது
ஈர்க்குச்சிக் கால்;
எந்தக் கடையிலும் அதற்கு அளவு கிடையாது.
ஒன்று பறந்தது.
மற்றது தண்ணீர் ஓரம்வரை நடந்து
அங்கேயே நின்றது.

அப்பால் புதரில் தண்ணீர் சலசலத்து ஓடிற்று.
நான் ஓடினேன். இந்தக் காலுறைக்கு நன்றி,
குதிகால் ஒரு வார்த்தை பேசவில்லை.
ஆனாலும் அவன் எனக்கு முன்னால் பிறந்தவன் இந்தச் சேற்றில்.

கருவை முள்ளில் அது தொங்கிக்கொண்டிருந்தது,
சொட்டச் சொட்ட.
திருப்பிப் பார்த்தேன். வாங்கி ஒரு வாரம்;
அதற்குள் உப்பு குதியைத் தின்றிருக்கிறது.
அந்த ஓட்டையை யாரோ நீல நூலில்
அடைத்திருந்தார்கள், குறுக்கும் நெடுக்குமாய்.
கன்னத்தில் தேய்த்தேன்.
மேடு தட்டவில்லை.
சுண்டுவிரல் மூலை மட்டும்
கடையில் இருந்தபடியே, புத்தம் புதிதாய்.

ரேஞ்சர் அலுவலகத்தில் மகஜர் எழுத உட்கார்ந்தோம்.
கண்ணி முப்பத்திரண்டு.
இறந்த பறவை ஐந்து.
காலுறை, ஒன்று.

'இணை எங்கே?' என்றான் வேதரத்தினம்,
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி.

நடந்துகொண்டிருக்கிறது, எழுதிக்கொள்.