ஆறாம் நிரல்

இறக்காமத்து உவைஸ்
தீப்பெட்டிக்குள் பஞ்சில் கொண்டுவந்தார்.
மீன்பித்துப் பச்சை.

"எக்கனைட்" என்றேன். சிலிக்கேட்தான்,
கல்சியத்தோடு தோரியமும்.
கருவியருகே வைத்ததும்
தகரக்கூரையில் முதல் தூறல்.
எக்ஸ்-கதிர்த் தாளிலோ
ஒரு கோடும் விழவில்லை.
நாற்கோணப் படிகமாய்ப் பிறந்து
தன் கதிராலேயே உள்ளடுக்குக் குலைந்து
வெறுங்கண்ணாடியாய்க் கிடக்கிறது,
வெளியே கீறல் காட்டாமல்.

சம்மாந்துறை ஆய்வுகூடப் பதிவேட்டில்
ஆறாம் நிரல்: படிக அமைப்பு.
இருந்ததை எழுதவா,
இருப்பதையா?

"ஆயிரம் பாகையில் சுட்டால்
பழைய ஒழுங்கு திரும்பும்."
"நிறம்?"
"போகவும் கூடும்."
"அப்ப சுடவேணாம் தங்கச்சி."

சேட்டுப் பொக்கற்றில் போடப் போனார்.
"நெஞ்சுப் பக்கம் வேணாம் காக்கா."

பஸ் தரிப்பிடம் வரைக்கும்
கையைத் தள்ளிப் பிடித்தே நடந்தார்,
வழியில் யாருக்கோ
நீட்டுவதுபோல்.