எட்டாவது நிமிடம்

எட்டு நிமிடம் தொட்டால் ஓர் அலகு.
இருபத்துமூன்றுக்கு இரண்டு.
ஏழு நிமிடம் தொட்டால்
தொடவே இல்லை என்று கணக்கு.
டுலூத் நகரில் வேலைக்குச் சேர்ந்த வாரம்
எனக்குச் சொல்லித் தந்தது இதைத்தான்.
முழங்காலெல்லாம் பிறகு.

முதலில் முதியோர் இல்லம், நான்கு வருடம்.
நாற்காலியிலிருந்து எழ வைப்பது,
கழிப்பறை வரை பதினான்கு அடி,
திரும்ப உட்கார வைப்பது.
அந்தக் கட்டடத்தில் தடுமாறாமல் நடந்தது
என் கல்விக் கடன் ஒன்றுதான்,
மாதம் தவறாமல், ஐந்தாம் தேதி.

பிறகு சங்கிலிக் கிளினிக்.
டயர் கடைக்கும் பீட்சா கடைக்கும் நடுவே.
மணிக்கு மூன்று பேர்.
ஒருவரின் தோள் என் கையில்,
இன்னொருவர் சைக்கிளில்,
மூன்றாமவர் ஐஸ் பையோடு
கூரையின் புள்ளிகளை எண்ணிக்கொண்டு.

வெர்னன் சால்மெலா,
இரும்புத்தாதுக் கப்பலில்
முப்பத்தொரு வருடம் வடம் இழுத்தவர்.
பன்னிரண்டாம் வருகையோடு காப்பீடு நின்றது.
கை அப்போது தோள் உயரம் வந்திருந்தது.
"அன்றாடத் தேவைக்குப் போதுமானது" என்று கடிதம்.
அவர் வீட்டில் காப்பித்தூள் டப்பா
தலைக்கு மேல் அலமாரியில் இருக்கிறது.
கீழே இறக்கி வையுங்களேன் என்றேன்.
"அது லோயிஸ் வைத்த இடம்" என்றார்.
மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

அன்று மாலை காரில்
ஹீட்டர் சூடாகும் வரை
ராஜினாமாவை வாய்க்குள் எழுதினேன்.
கொடுப்பதற்கு இன்னும் இரண்டு குளிர்காலம் ஆயிற்று.

முதல் வங்கி கையை விரித்தது.
ரோலண்ட் பீடர்சன், கடன் பிரிவு.
விரல்கள் முழுதாக விரிந்தன,
மணிக்கட்டில் குறையில்லை.
ஆனால் உட்கார்ந்த உட்காரலில்
இடப்பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தார்.
வலது பின்பாக்கெட்டில் செங்கல் கனத்தில் பணப்பை.
அதன்மேல் உட்கார்ந்து உட்கார்ந்து
மனிதருக்குக் கால் மரத்துப் போகிறது.
"அதை எடுத்து மேசையில் வையுங்கள்" என்றேன்.
வைத்தார்.
கொஞ்ச நேரம் கழித்து, "அட" என்றார்.
கடன் கிடைக்கவில்லை.

கிடைத்தது கூட்டுறவுச் சங்கத்தில், கேட்டதில் பாதி.
அந்தப் பாதிக்கு
ஏரிக்கரைச் சரிவில் ஒரு தூண்டில் கடை காலியாக இருந்தது.
மூன்று முறை கழுவினேன்.
காற்று ஏரியிலிருந்து வீசும் நாளில்
இன்றும் குட்டி மீன்களின் வாசம்.
பிடித்து நடக்கும் கம்பிகள் தண்ணீர்க் குழாயில் செய்தவை,
தம்பி மனைவி டோரீன் பிளம்பர்.
மேசை, மூடிப்போன பள்ளியின் ஏலத்தில்.
அடியில் யாரோ ஒட்டிய சூயிங்கம்;
சுரண்டவில்லை.

சொந்தக் காலில் நிற்கிறாய் என்று
கேக் கொண்டுவந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.
ஒற்றைக் காலில் நிற்கும் கணுக்காலை
அவர்கள் கிட்டத்தில் பார்த்ததில்லை.
ஓயாமல் விழப் பார்த்து
ஓயாமல் சமாளித்துக்கொண்டிருக்கும் அது.

திங்கள், யாரும் வரவில்லை.
செவ்வாய், பனிவாரி வண்டி ஓட்டும் ஒருவர்
கதவைத் திறந்து புழு கேட்டார்.
புழு இல்லை என்றேன்.
போகத் திரும்பினார்;
இடுப்பு திரும்பவில்லை,
துறைமுகத்தில் கப்பலைத் திருப்புவதுபோல
முழு உடம்பும் திரும்பியது.
"எத்தனை நாளாய்?"
"நவம்பரிலிருந்து."
"பூட்ஸைக் கழற்றுங்கள்."

சால்மெலாவுக்கு முகவரி எழுதி ஓர் அட்டை போட்டேன்.
பதில் இல்லை.
வாடகை இரண்டு மாதம் பிந்தியது,
மூன்றாம் மாதம் பிந்தவில்லை.
என் வலது கட்டைவிரல்
காலையில் ஜாடி மூடியைத் திறக்க மறுக்கிறது.
பிறருக்குச் சொல்லும் பயிற்சியை
நானும் செய்வதில்லை.

சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கினேன், மாட்டவில்லை.
இழுப்பறையில் துண்டுகளுக்கு அடியில்
டிக் டிக் என்று கிடக்கிறது.
ஆணி அடிக்கச் சோம்பல் என்று
டோரீனிடம் சொல்லியிருக்கிறேன்.
இங்கே யாரும் என்னை எண்ணுவதில்லை.

இருந்தும் எட்டாவது நிமிடம் ஆனதும்
எந்த முதுகிலிருந்தும்
என் கை தானாக எழுந்துவிடுகிறது.
அந்தரத்தில் நிற்கும் அதை ஒரு கணம் பார்க்கிறேன்.
மறுபடி வைக்கிறேன்.