பதினெட்டு வீத வெளிச்சம்

டெரன்ஸ் தவறணை மண்ணில் பிசைந்த பாலன்
மாட்டைவிடப் பெரிதாகிவிட்டார்.
முன்னணைக்குள் ஒரு காலைத்தான் வைக்க முடிகிறது.
"பசியில்லாத பிள்ளை, இருக்கட்டும்" என்கிறாள் பிலோமி,
பல்லிடுக்கில் ஊசியோடு.

ராஜாக்களில் இருவர் நூல்கட்டை.
மூன்றாமவர் தீர்ந்துபோன டோர்ச் பேட்டரி;
பால்மாப் பேக்கற்றின் வெள்ளித்தாள் சுற்றியதும்
அவர் மட்டும்தான் ராஜா மாதிரி இருக்கிறார்.
குகைக்குத் தேயிலைத் தூரில் சுரண்டிய பாசி.
இதே பாசியைச் சுரண்டத்தான்
போன மாதம் எனக்கு அரைப்பேர் போட்டார்கள்.

கட்டுநாயக்காவிலிருந்து டிலானி கொடுத்தனுப்பிய வெட்டுத்துணி
அத்தனையும் சட்டைக் கைகள்.
யார் உடம்புக்கும் போய்ச் சேராத கைகள்.
பிலோமி அவற்றை ஒட்டுப்போட்டு
அவளுக்கே தலையணை உறை தைக்கிறாள்.
போர்டிங் அறையில் இனிப் பிள்ளை
நாற்பது கைகள்மேல் தலைவைத்துத் தூங்கும்.

என் பங்கு நட்சத்திரம்.
மூங்கில் சிம்பு, கோதுமை மாப் பசை,
வெசாக் கூட்டுக்கு வாங்கி மிஞ்சியதென்று
சுனில் முதலாளி சும்மா தந்த சவ்வுத்தாள்.
பசையில் பாதியை நாய் நக்கிவிட்டது.

ஏழு மணிக்குக் கரண்ட் போனது.
போன் டோர்ச்சைப் போட்டு உள்ளே வைத்து
கடைசிக் காம்பராக் கூரையில் கட்டினோம்.
மஸ்கெலியாப் பனியில் அது மங்கலாக, ஆனாலும்.
இடுப்பில் பிள்ளையோடு வந்து பார்த்த முத்துவடிவு
"நாலு முனைதானே எரியுது" என்றாள்.

அப்போது நட்சத்திரம் அடித்தது.

நடுங்கியது. கயிற்றில் அரைவட்டம் சுற்றியது.
தண்ணீர் பீப்பாய்மேல் ஏறிய டெரன்ஸ்
தாளில் விரலால் ஒரு ஓட்டை போட்டுப் பச்சையை இழுத்தான்.
"அப்பா, பஸ் ஏறிட்டேன். நின்னுக்கிட்டுத்தான் வாறேன்."
பின்னால் கண்டக்டர் சத்தம், யாரோ இருமல்.
"சாப்பிட்டியா?" என்று
பிலோமி அண்ணாந்து கத்தினாள்.
"ஏம்மா தூரத்துல நின்னு பேசுற?"
"நீதான் மேல இருக்க" என்றான் டெரன்ஸ்.
லயமே சிரித்தது.
அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.
லைன் அறுந்தது.

விரல் போட்ட ஓட்டை வழியாக
வெளிச்சம் ஒரு கோடாக ஈரப்படியில் விழுகிறது.
பேட்டரி பதினெட்டு வீதம்.
பஸ் இன்னும் அவிசாவளையைத் தாண்டியிருக்காது.
அவள் திரும்ப எடுத்தால்?

"அணைச்சிடவா?" என்றேன்.
பிலோமி துணியோடு அந்தக் கோட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.
"பொறுங்க,
இன்னும் மூணு கை பாக்கி."