சில சமயம்

நூற்று இருபது கேள்விகள்.
ஒவ்வொன்றின் எதிரேயும் நான்கு கட்டங்கள்:
எப்போதும், அடிக்கடி, சில சமயம், ஒருபோதும் இல்லை.
‘சில சமயம்’ என்றால் வாரத்துக்கு எத்தனை தரம் என்று
ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கேட்டிருந்தேன்.
படித்துவிட்டு டாக்டர் ரன்டி சிரித்தார்.
பிறகு சிரிப்பை நிறுத்தி
அதையும் குறித்துக்கொண்டார்.

நான் போனது எனக்காக அல்ல.
வார்டோவிலிருந்து வாட்ஸோவுக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர்,
ஜனவரி, ஹெட்லைட்டில் பறக்கும் பனி,
பின் இருக்கையில் ஏலிஃப்.
ஒன்பது வயது. பேசுவதில்லை.
கடலடிச் சுரங்கத்தில் வண்டி இறங்கியதும்
ஒரே சுருதியில் முனகத் தொடங்குவான்.
நானும்தான்.
அதை யாரும் கேட்டதில்லை என்பதால்
எந்தக் கோப்பிலும் இல்லை.

அவன் கோப்பு தடிமன்:
வலிப்பு, தூக்கமின்மை, வயிறு,
சட்டைப் பட்டியை வெட்டாவிட்டால் அலறல்.
‘தாய்க்கும் இப்படி உண்டா?’
ஆம். ஆம். ஆம்.
ஆறாம் பக்கத்தில் ரன்டி பேனாவை வைத்துவிட்டு
உங்களுக்கும் ஒரு படிவம் தரட்டுமா என்றார்.

மீன் எடைக் கூடத்தில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன்.
எனக்குத் தராசைப் பிடிக்கும்.
அது ஒன்றைச் சொல்லி இன்னொன்றை நினைப்பதில்லை.

நாற்பத்து நான்கு வயதில்
ஒரு சொல் வந்து சேர்ந்தது.
‘நீயா? நீதான் நன்றாகப் பேசுகிறாயே!’ என்றாள் கோரில்.
அவளுக்குச் சொல்லும் காலை வணக்கத்தைக்
காருக்குள் மூன்று முறை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன்.
‘எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும்’ என்றார் மாமியார்.
இருக்கும்.
எல்லார் வீட்டிலும் கொஞ்சம் உப்பு இருக்கும்.
கடலில் விழுந்தவளிடம் அதைச் சொல்லாதீர்கள்.

நிறமாலை என்கிறார்கள் இதை.
நான் அதை ஓர் அளவுகோல் என்றே நினைத்திருந்தேன்:
அந்த முனையில் ஏலிஃப், இந்த முனையில் நான்,
நடுவே சென்டிமீட்டர்கள்.
எங்கள் ஊரில் நவம்பரில் கடையைச் சாத்தும் சூரியன்
ஜனவரி பாதியில்தான் திறக்கும்.
நடுவில், நண்பகலில், தெற்கே
ஒரு மாலை மட்டும் வந்து தலைகாட்டிவிட்டுப் போகும்:
செம்பு, ஊதா, செதிலின் உள்பக்க நிறம்.
அதில் எது கூட, எது குறைவு?

ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன்.
அவன் உதடு நீலமாகும் இரவில்
கடிகாரம் பார்த்து நொடிகளை எண்ணுபவள் நான்.
ஒரே சொல்தான்.
ஒரே எடை அல்ல.

கடைசியாகப் போனபோது
ரன்டியின் அறையில் ட்யூப்லைட் இரைந்துகொண்டிருந்தது.
என் பின்மண்டையில் யாரோ ஆணி தேய்க்கிற மாதிரி.
நான் புன்னகைத்தபடி இருந்தேன்,
பள்ளிக்கூட நாளிலிருந்து வந்த பழக்கம்.
‘ஏதாவது தொந்தரவா?’
‘இல்லை, இல்லை, ஒன்றுமில்லை.’

மேசைக்கு அடியில்
ஷூவின் வெல்க்ரோவை ஒட்டியும் பிரித்தும் கிடந்தவன்
டேப்லெட்டை இழுத்தான்.
அதற்குள் இருக்கும் பெண்குரல்,
அவசரமே இல்லாமல்:
அம்மா. விளக்கு. வேண்டாம்.

ரன்டி எழுந்துபோய் அணைத்தார்.
சன்னலில் பனியின் வெளிச்சம் மட்டும்.
என் தோள்கள் எவ்வளவு உயரத்தில் இருந்தன என்பது
இறங்கியபோதுதான் தெரிந்தது.

‘இது எத்தனை தரம் நடக்கும்?’

எப்போதும், என்றேன்.

ஏலிஃப் இப்போது ‘வாஃபிள்’ படத்தை
ஆறு முறை அழுத்தினான்.
கடை மூன்று மணிக்கு மூடிவிடும்.
கோட்டைப் பொத்தான் போடாமலே கிளம்பினோம்.