தலைகீழ் அச்சு

மரோல் சந்தை. ஞாயிறு. தூறல்.
பழைய கரண்டிகளுக்கும்
யாரோ கழற்றி வந்த கதவுப் பிடிகளுக்கும் நடுவே
என்னை விற்றுக்கொண்டிருந்தான் ஒரு பையன்.

மூன்று வயது. மாலுமிச் சட்டை. மரக்குதிரை.
ஊதா மை, பதினைந்து காசு மதிப்பு.
படமெடுத்த நாளில் நினைவிருப்பது ஒன்றே ஒன்று:
காலர் அரித்தது.
சொறியக் கூடாதென்று யாரோ
என் கையைக் கடிவாளத்தோடு சேர்த்து அழுத்தினார்கள்.

இரண்டு யூரோ என்றான்.
மூலையில் ஒரு பல் உதிர்ந்திருக்கிறதே என்றேன்.
எனக்கும்தான், அதைச் சொல்லவில்லை.

பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் இன்னொன்று.
அதே நான், நெற்றியில் கறுப்பாகக் 'குடியரசு'.
எங்களைத் துரத்திய பிறகும்
அடித்து வைத்த தாளை வீணாக்கவில்லை.
சிக்கனமானவர்கள், என் ஜனங்கள்.

"அது நாற்பது. எழுத்து தலைகீழாக விழுந்திருக்கு பாருங்க,
ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கு உலகத்தில."
குனிந்து பார்த்தேன்.
குடியரசு கவிழ்ந்து கிடந்தது. நான் நேராக இருந்தேன்.
அப்பாவாக இருந்தால்
கடன் வாங்கியாவது வாங்கியிருப்பார்.

நான் முப்பத்தோரு வருடம்
இந்த ஊர் நிலவறைகளில் தண்ணீர் மீட்டர் பார்த்தவன்.
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி எண்ணைக் குறித்துவிட்டு
ஒட்டடையைத் தலையில் சூடி மேலேறி வருவேன்.
கையெழுத்துப் போடும்போது கேட்பார்கள்:
ரதிவோய், எந்த ஊர்ப் பெயர் அது?
மலைநாடு.
பனி அதிகமோ?
அதிகம்.

ஒன்றரைக்குப் படிந்தான்.

வீட்டுக்கு வந்ததும்
நமூரில் இருக்கும் தங்கைக்கு ஒரு அட்டை.
முழங்கால் தேவலை. பிளம் ஜாம் வந்து சேர்ந்தது.
மூடி திறக்கத்தான் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருந்தது.
பின்புறப் பசை எப்போதோ போயிருந்தது.
புதிதாய்த் தடவி ஒட்டினேன், என் தலையை மட்டும்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

ஐந்தாம் நாள் தரிங்கா போன் செய்தாள்.
தபால்காரர் வாசலில் நின்று
யார் இந்தக் குழந்தை என்றாராம்.
அண்ணன் என்றாளாம்.
கொழுகொழுவென்று இருக்கிறாரே என்றவர்
ரசீதைக் கிழித்து
இரண்டு யூரோ எண்பது வாங்கிக்கொண்டுதான் அட்டையைத் தந்தார்.
"உன் தலை செல்லாதாம். மரியாதையாகப் பணத்தை அனுப்பு."

அனுப்பினேன்.
சில்லறையைத் தாளில் மடித்து உறையில் போட்டு,
மேலே இந்த ஊர் ராஜாவை ஒட்டி,
நாலு மூலையும்
கட்டை விரலால் நன்றாக அழுத்தி.