ஒரு கன அடி

மூடிக் கிடந்த ரைஸ் மில்லை
மாசம் ஆயிரத்து ஐந்நூறுக்கு எடுத்தோம்.
சுவரெங்கும் கிழிந்த சாக்கு அடித்தோம்,
சத்தம் வெளியே போகாமலிருக்க.
போயிற்று.
சூசைராஜ் இரண்டு காலாலும் டிரம் மிதித்த முதல் சாயங்காலமே
டிவிஎஸ் ஃபிஃப்டியில் ஒரு மூட்டை புழுங்கல் நெல்லோடு
வந்து நின்றாள் ஒரு பெண்:
“மில்லு மறுபடி ஓடுதா தம்பி? கிலோவுக்கு எவ்வளவு?”
இல்லக்கா, இது பாட்டு என்றேன்.
கொஞ்ச நேரம் நின்று கேட்டாள்.
“பெல்ட்டு நழுவுது, பாத்துக்கங்க” என்று போனாள்.
சரியாகத்தான் சொன்னாள்.
மூன்றாவது பாட்டில் சூசையின் இடது கால்
அரை மாத்திரை பிந்தும்.

எங்கள் பெயர் சாவி.
வெளியூரில் பூட்டுச் சாவி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.
பால் பிடிக்காமல் நின்றுபோன கதிரை
நீடாமங்கலத்தில் வேறென்ன சொல்வது.

மங்கையர்க்கரசி பாடுகிறாள்.
பாடுகிறாள் என்பது அவள் அம்மா ஒப்புக்கொள்ளாத சொல்.
பகலில் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்ப்பவள்.
பதினேழைத் தாண்டினால் மூட்டையைத் திருப்பவேண்டும்,
திருப்பினால் வசவு.
அத்தனையையும் விழுங்கிவிட்டு
ஏழு மணிக்கு மைக்கைக் கடிக்கிறாற்போல் பிடித்து
அடிவயிற்றிலிருந்து எடுப்பாள்,
தண்ணீர் கீழே போனபின் மோட்டார் மணலை இழுக்கிற குரலில்.
ஹாஜா மைதீன் கூத்தாநல்லூரில் செல்போன் பிரிக்கிறவன்;
கம்பியைத் தளர்த்தித் தளர்த்தி
எருமை முனகும் சுருதிக்கு கிதாரை இறக்கியிருந்தான்.
நான் பேஸ். பிழைப்புக்கு ஃப்ரீசர் பாக்ஸ் வாடகை.
சாவு விழுந்தால் ஒத்திகை கிடையாது.
டெத் மெட்டல் என்று பெயர் வைத்தவர்கள்
இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

ஆல்பத்தின் கதாநாயகன் ஒரு கன அடி.
விநாடிக்குப் பத்தாயிரம் திறந்தார்கள் மேட்டூரில் என்று
செய்தி வாசிக்கிறார்களே, அதில் ஒன்று.
முதல் பாட்டில் மதகு தூக்குகிறது, தலையில் பூத்தூவுகிறார்கள்.
இரண்டில் மணல் அள்ளிய குழியில் விழுந்து
மூன்று நாள் சுற்றுகிறது.
கல்லணையில் நாலாகக் கிழிகிறது;
நாலு நிமிஷம் அதுதான், வார்த்தையே இல்லை.
ஆறில் ஆகாயத்தாமரை.
எட்டில் அது ஒரு செம்பளவு.

ஒன்பதில் சண்டை.
“சாவணும்” என்றாள் மங்கை. “கடைமடைக்கு ஒரு வயல் முன்னாடி.
அதுக்குத்தானே இத்தனை இரைச்சல்.”
பதினொரு நிமிஷம் சோலோ, பிறகு சாகட்டும் என்றான் ஹாஜா.
சூசை குச்சியைத் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தான்.
“சாவடிச்சிட்டு நீங்க வீட்டுக்குப் போயிருவீங்க.
அந்த ஒரு வயலுக்கு அடுத்த வயலு என் நாத்தங்காலு.”

பதிவு செய்த ராத்திரி, எட்டை முடித்து டீ குடிக்கையில்
சூசைக்கு போன்.
தலைஞாயிறுப் பக்கம் கிளை வாய்க்காலில்
தலை காட்டிவிட்டதாம். முறை விடியுமட்டும்தான்.
பின் பாக்கெட்டில் குச்சியோடே பைக்கை உதைத்தான்.

டிரம் இல்லாமல் ஒன்பதை எடுத்தோம்.
மில்லுக்குப் பின்னால் யாரோ டீசல் இன்ஜின் போட்டார்கள்;
அந்தத் தாளத்தில் ஏறிக்கொள்ளப் பார்த்தோம், அது நிற்கவில்லை எங்களுக்கு.
கரண்ட் இரண்டு தடவை போனது.
சாகவேண்டிய இடத்தில் மங்கை மூச்சை இழுத்தாள்.
இழுத்தபடியே நின்றாள்.
ஹெட்ஃபோனில், சாக்குக்கு அந்தப் பக்கம்,
வாய்க்கால் செருப்பையும் தெர்மாகோலையும் தள்ளிக்கொண்டு போனது.

நாலரைக்கு சூசை வாய்ஸ் அனுப்பினான்.
“வந்துருச்சு. முழங்காலெல்லாம் இல்ல. கணுக்கால்.”
பின்னால் தவளை.
இதைக் கடைசியில் வைப்போம் என்றான் ஹாஜா.
வேண்டாம், அழகாயிடும் என்றாள் மங்கை.
இன்னும் முடிவாகவில்லை.

எனக்கு வலங்கைமானில் ஒரு வீட்டுக்குப் பெட்டி இறக்கவேண்டியிருந்தது.
ப்ளக் போட்டதும் உறுமத் தொடங்கியது,
அழுதுகொண்டிருந்தவர்களுக்குக் கீழே, நிதானமாக,
எங்கள் சுருதிக்கு அரைப் படி மேலே.